பெட்டியை வரைந்தவர்

படங்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டவில்லை. சுவரைச் சுற்றி ஒடுக்கமான பலகை ஒன்றைப் பொருத்தி, மளிகைக் கடையில் டின்களை அடுக்குவதுபோல அதன்மேல் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். 1962 ஜூலை, லாஸ் ஏஞ்சல்ஸ், ஃபெரஸ் கேலரி. ஆண்டி வார்ஹோல் வரைந்த கேம்ப்பெல் சூப் டின்கள், மொத்தம் 32. ஒவ்வொன்றும் 20 அங்குல உயரம், 16 அங்குல அகலம். அன்று அந்த நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த சூப் வகைகள் 32 என்பதால் படங்களும் 32. எத்தனை வரைவது என்பதைக்கூடக் கம்பெனியின் சரக்குப் பட்டியல்தான் முடிவு செய்திருக்கிறது.

தக்காளி, காளான், பச்சைப் பட்டாணி, கோழி நூடுல்ஸ் என்று அநேகமாக ஒரு வரி மட்டும் மாறும். மற்றபடி மேலே சிவப்பு, கீழே வெள்ளை, நடுவில் பொன்வட்டம். புத்தகத்தில் ஒரே பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பார்க்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு வார்ஹோல் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறார், நகலின் நகலாக. அதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது. கண் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க உட்கார்ந்தால் ஐந்தாறைத் தாண்டி மனம் ஒத்துழைப்பதில்லை. ‘பார்த்தாயிற்றே’ என்கிறது. பார்க்கவில்லை என்பது அதற்கும் தெரியும்.

பிடிவாதமாக நின்றால் சில விஷயங்கள் தட்டுப்படுகின்றன. இவை இயந்திரத்தில் அச்சானவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இந்த 32உம் கையால் தீட்டியவை. டின்னின் அடிப்பக்கத்தில் ஓடும் சிறு பூ வடிவங்களை மட்டும் ஒரு முத்திரையை வைத்துக் கையால் ஒற்றியிருக்கிறார். அவை சீராக விழவில்லை. அசல் லேபிளின் நடுவிலிருக்கும் பொன்வட்டம், 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அந்தக் கம்பெனி வாங்கிய பதக்கம். அதில் உருவங்கள் உண்டு, எழுத்து உண்டு. வார்ஹோல் அதையெல்லாம் விட்டுவிட்டு மொட்டையாக ஒரு வட்டத்தை நிரப்பியிருக்கிறார். பரிசு எதற்கு, யார் கொடுத்தார்கள் என்ற கதை போயிற்று. பரிசு வாங்கியது என்ற மினுமினுப்பு மட்டும் நிற்கிறது. புகழைப் பற்றி அவர் பின்னால் எத்தனையோ செய்தார், பேசினார். எனக்கு அந்த மொட்டை வட்டம் போதும் என்று தோன்றுகிறது.

ஒரு படம் 100 டாலர். வாங்க முன்வந்தவர்கள் சிலரே. கேலரிக்காரர் இர்விங் புளூம் அவற்றைப் பிரிக்க மனமில்லாமல், விலை பேசியிருந்தவர்களிடமிருந்தும் திரும்பப் பெற்று, முழுத்தொகுதியையும் தானே 1000 டாலருக்கு மாதத் தவணையில் வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கேலரி ஒன்று நிஜ டின்களை ஜன்னலில் அடுக்கி, எங்களிடம் இதைவிட மலிவு என்று எழுதி வைத்தது. அந்தப் படங்களைப் பற்றி எழுதப்பட்ட பல கனமான கட்டுரைகளைவிட இந்தக் கேலி எனக்குப் பிடிக்கும். விலையைப் பற்றிப் பேசாமல் இவற்றைப் பற்றிப் பேச முடியாது என்பதை முதல் வாரங்களிலேயே பிடித்துவிட்டது. 1996இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அவை போனபோது பேசப்பட்ட மதிப்பு சுமார் ஒன்றரைக் கோடி டாலர்.

*

இப்படிக் கடைச்சரக்கை ஓவியமாக்கிய பாப் கலை அமெரிக்காவில் பிறந்தது என்று சொல்வது பாதி உண்மை. 1956இல் லண்டன் ஒயிட்சேப்பல் கேலரியில் நடந்த ஒரு கண்காட்சிக்காக ரிச்சர்ட் ஹாமில்டன் சின்ன ஒட்டுப்படம் ஒன்றைச் செய்தார். ஒரு வீட்டு அறை. உடற்பயிற்சி வீரன், டின்னில் அடைத்த இறைச்சி, டேப் ரிக்கார்டர், தொலைக்காட்சி. பெரும்பாலானவை அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்தவை. பிரிட்டனில் போர்க்கால ரேஷன் முற்றிலும் முடிந்தது 1954 ஜூலையில்தான். இறைச்சிக்குக் கூப்பன் நீட்டிய பழக்கம் கைவிட்டுப்போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த ஒட்டுப்படத்தில் கிண்டல் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். எனக்கு அதில் முதலில் தெரிவது பசி.

வார்ஹோலின் டின்னில் அந்தப் பசி இல்லை. பல வருடம் மதியத்தில் அந்த சூப்பைத்தான் குடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஏங்கவும் இல்லை, அலுக்கவும் இல்லை. பணக்காரன் குடிக்கும் கோக்கும் தெருவில் நிற்பவன் குடிக்கும் கோக்கும் ஒன்றே என்பதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. அதை அவர் நையாண்டியாகச் சொன்னாரா என்று பலர் குடைந்து பார்த்திருக்கிறார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வறுமையில் வளர்ந்தவர்களுக்கு, எங்கே வாங்கினாலும் ஒரே ருசி என்பது சின்ன விஷயமில்லை.

*

பிட்ஸ்பர்க், 1928. வார்ஹோல் பிறக்கிறார். பெற்றோர் இன்றைய ஸ்லோவாக்கியாவின் மிக்கோவா என்ற மலைக்கிராமத்திலிருந்து வந்த ருசின் இனத்தவர். குடும்பப் பெயர் வார்ஹோலா. கடைசி எழுத்து பின்னால் உதிர்ந்தது. தந்தை கூலி வேலை செய்தவர், 1942இல் இறந்துபோனார். வீட்டினர் போய்வந்தது பைசாந்திய வழிபாட்டு முறையைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கத் தேவாலயம். அங்கே பீடத்துக்கு முன்னால் புனிதர் படங்களின் தடுப்புச் சுவர் ஒன்று உண்டு. பொன் பின்னணி. ஒவ்வொரு கட்டத்திலும் நேராக நம்மைப் பார்க்கும் ஒரு முகம். வரிசை வரிசையாக. சிறுவன் வேறு எங்கே பார்ப்பான்?

சூப் டின் வரிசைக்கும் இந்தப் புனிதர் வரிசைக்கும் முடிச்சுப் போடுவது விமர்சகர்களின் வழக்கம். அளவுக்கு மீறிப் பொருந்துகிறது என்பதாலேயே எனக்குச் சற்றுத் தயக்கம். அதே சிறுவன் எட்டு வயதில் நரம்பு நோய் கண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தபோது, அவனைச் சுற்றி இருந்தவை சினிமாப் பத்திரிகைகள். ஷெர்லி டெம்பிள் கையெழுத்திட்ட ஒரு படம் அவனிடம் கடைசிவரை இருந்தது. புனிதர்களா நடிகைகளா எது முந்தியது என்று கேட்பதில் பயனில்லை. இரண்டும் ஒரே சுவரில் ஒட்டப்பட்டிருந்தன, அவ்வளவுதான்.

*

ஃபெரஸ் கண்காட்சி முடிந்த அதே ஆகஸ்ட் தொடக்கத்தில் மர்லின் மன்றோ இறந்தார். வார்ஹோல் அவருடைய ஒரு புகைப்படத்தைத் தேடி எடுத்தார்: ‘நயாகரா’ என்ற 1953ஆம் ஆண்டுப் படத்துக்கான விளம்பர ஸ்டில். அதை ஒரு திரையில் ஏற்றி மை தள்ளினார். கல்யாணத் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரை அச்சிடுகிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான்.

‘மர்லின் டிப்டிக்’ என்ற படத்தில் இரு பலகைகள், ஐம்பது முகங்கள். இடப்பக்கம் இருபத்தைந்து வண்ணத்தில், வலப்பக்கம் இருபத்தைந்து கறுப்பில். வலப்பக்கத்தில் ஒரு வரிசையில் மை அதிகமாகி முகம் கறுத்து மூழ்குகிறது. ஓரத்துக்குப் போகப்போக மை வற்றி முகம் வெளிறி, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. அச்சுக்கூடத்தில் இது கழிவு. ஒரு தேர்ந்த தொழிலாளி இதைப் பார்த்தால் திரையைக் கழுவிவிட்டு மறுபடி அடிப்பார். வார்ஹோல் அப்படியே விட்டார்.

நான் அதிகம் நிற்பது இடப்பக்கத்தில்தான். மரணம் வலப்பக்கத்தில் இருக்கிறது என்று எல்லோரும் சுட்டுகிறார்கள், அது சுலபமாகத் தெரிகிறது. இடப்பக்க வண்ணங்கள் கோட்டுக்குள் உட்காரவில்லை. கூந்தலின் மஞ்சள் நெற்றியில் ஏறுகிறது. இமையின் நீலம் கண்ணைவிட்டு நகர்ந்து கிடக்கிறது. உதட்டுச் சிவப்பு உதட்டுக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை. முகத்தின்மேல் ஒட்டிய லேபிள் லேசாக நழுவியிருக்கிறது. நார்மா ஜீன் என்ற பெண்ணின்மேல் ஸ்டூடியோ ஒட்டிய லேபிள் அது என்பது நினைவுக்கு வருகிறது. அதன்மேல் இவர் இன்னொன்றை ஒட்டியிருக்கிறார். ஐம்பது முகங்களில் எதிலும் அவள் இல்லை. எல்லாவற்றிலும் அந்த ஸ்டில் இருக்கிறது. அந்த ஸ்டில்லை எடுத்த கேமராக்காரர் பெயரை யாரும் தேடுவதில்லை.

திரும்பத் திரும்பச் சொன்னால் ஒரு பெயர் ஆழமாகுமா, வெறுமையாகுமா? ஜபம் செய்பவர்கள் முதலாவது என்பார்கள். விளம்பரத் தொழிலில் இருப்பவர்களும் அதையேதான் நம்புகிறார்கள். வார்ஹோலிடம் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அன்றைக்குப் பார்க்கிறவரின் மனநிலையைப் பொறுத்தது.

*

1964 வசந்தம். மன்ஹாட்டனில் ஸ்டேபிள் கேலரி. உள்ளே போனால் கிடங்குக்குள் நுழைந்தமாதிரி பெட்டிகள். ஹைன்ஸ் கெச்சப், டெல் மான்ட்டே பீச், கெல்லாக்ஸ் கார்ன் ஃப்ளேக்ஸ், பிரில்லோ. பிரில்லோ என்றால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு தோய்ந்த இரும்பு நார். அட்டைப்பெட்டிகள் என்று தோன்றும், ஆனால் தச்சரிடம் சொல்லிச் செய்த பிளைவுட் பெட்டிகள். வண்ணம் பூசி, பக்கங்களில் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்தவை. ஆர்தர் டான்ட்டோ என்ற தத்துவப் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டுப் போய் எழுதிய கட்டுரை அந்த ஆண்டே வெளியானது. கிடங்கிலிருக்கும் பெட்டியும் கேலரியிலிருக்கும் பெட்டியும் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும்போது ஒன்றைக் கலையாக்குவது எது? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, கலையைச் சுற்றியிருக்கும் கோட்பாடும் வரலாறும் சேர்ந்த ஒரு சூழல், என்றார் டான்ட்டோ. கலைத் தத்துவத்தில் அரை நூற்றாண்டுப் பேச்சுக்கு அது வழி திறந்தது.

எனக்கு இங்கே வேறொரு சின்னச் சந்தேகம். அத்தனை வகைப் பெட்டிகள் இருந்தனவே, எல்லோர் நினைவிலும் பிரில்லோ மட்டும் தங்கியது ஏன்?

காரணம் எளிது. அந்தப் பெட்டிதான் அழகு. வெள்ளையின் மேலும் கீழும் ஆற்றைப்போல வளைந்து ஓடும் சிவப்பு, நீலமும் சிவப்புமாகப் பெரிய எழுத்துகள். கார்ன் ஃப்ளேக்ஸ் பெட்டி பக்கத்தில் சப்பென்று இருக்கிறது. அந்த அழகு வார்ஹோலுடையது இல்லை. அதை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. 1929இல் பிறந்தவர், வார்ஹோலைவிட ஒரு வயது இளையவர். பகலில் பொட்டல வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை. மற்ற நேரத்தில் தன் சொந்த ஓவியம். தூரிகையின் வேகத்தை நம்புகிற, ஓவியரின் உள்ளம் கான்வாஸில் கொட்டவேண்டும் என்று நம்புகிற அரூப ஓவியம். பாப் கலை எந்த ஓவியத்தை ஓரங்கட்டியதோ அதே வகை. நியூயார்க்கில் அவர் படங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. ஸ்டேபிள் கேலரிக்கு அவரும் போயிருக்கிறார். தான் சோற்றுக்காகச் செய்து மறந்த வேலை அங்கே அடுக்கி வைக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான டாலர் விலையில் நின்றதைப் பார்த்திருக்கிறார்.

அந்த நிமிடத்தில் அவர் என்ன நினைத்தார் என்று நான் இட்டுக்கட்டப் போவதில்லை. அடுத்த வருடமே புற்றுநோயில் இறந்தார் என்பது தெரியும். அவருடைய ஓவியங்களை இன்று தேடித்தான் பார்க்கவேண்டும். பெட்டியைத் தேட வேண்டியதில்லை.

டான்ட்டோவும் பல வருடங்களுக்குப் பிறகு ஹார்வியைப் பற்றி எழுதினார். ஹார்வியின் பெட்டி பிரில்லோவைக் கொண்டாடுகிறது, வார்ஹோலின் பெட்டி அப்படி எதையும் கொண்டாடவில்லை, அதனால் இரண்டும் வேறு என்பது அவர் வாதம். தர்க்கம் சரிதான். ஆனாலும் அந்தத் தர்க்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. பெயரில்லாதவரின் வேலையைப் பெயருள்ளவருக்கு மாற்றித் தரும்போது தத்துவம் ஒருபோதும் திக்குவதில்லை.

வார்ஹோலைத் திருடர் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவரே அந்தத் தொழிலில் கிடந்தவர். 1949இல் நியூயார்க் வந்து, ஐ. மில்லர் செருப்புக் கம்பெனிக்கு விளம்பரம் வரைந்து, பரிசுகள் வாங்கி, வீடு வாங்கியவர். பொட்டலத்தின்மேல் வடிவமைத்தவரின் பெயர் வராது என்பது அவருக்குத் தொழில் ஒழுங்கு. ஹார்வியின் பெயரை அவர் மறைக்கவில்லை. மறைப்பதற்கு அங்கே பெயர் இருந்ததே இல்லை.

*

இன்னொரு கை. ஜூலியா வார்ஹோலா, அம்மா. பொருளாதார மந்தக் காலத்தில் பிட்ஸ்பர்க்கில் காலி டின்களை வெட்டிப் பூக்கள் செய்து வீடு வீடாக விற்றவர். 1952இலிருந்து மகனோடு நியூயார்க்கில் இருந்தார், இறப்பதற்கு முந்தைய வருடம்வரை. அவருடைய கையெழுத்து சுழித்துச் சுழித்து அழகாக இருக்கும். ஆங்கிலம் பாதிதான் தெரியும், எழுத்துப் பிழைகள் தாராளம். மகன் தன் வரைபடங்களுக்கு அந்த எழுத்தையே பயன்படுத்தினார், பிழைகளோடு. பல படங்களில் அவர் பெயரைக் கையொப்பமிட்டதே அம்மாதான். மூன்டாக் என்ற இசைக்கலைஞரின் இசைத்தட்டு உறைக்காக அந்த எழுத்துக்கு ஒரு விருதும் வந்தது. விருதில் இருந்த பெயர்: ‘ஆண்டி வார்ஹோலின் அம்மா’.

நம் ஊரிலும் இப்படி அழைக்கப்படுகிறவர்கள் நிறைய. அதில் எல்லாமே இழப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விருதுச் சான்றிதழிலும் அப்படியா என்று ஒரு கணம் தடுக்கிறது.

*

1964க்கும் 1966க்கும் இடையில் வார்ஹோல் தன் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களைக் கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்தார். ஸ்டூடியோவின் பெயரே ஃபேக்டரி, சுவரெல்லாம் வெள்ளித்தாள். அசையாதீர்கள், முடிந்தால் இமைக்காதீர்கள். ஒரு சுருள் ஓடித்தீரும் வரை, மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைய. வசனமில்லை, ஒலியில்லை. திரையிடும்போது வேகத்தைக் குறைத்து நான்கு நிமிடத்துக்கும் மேலாக நீட்டினார். இப்படி 472 சுருள்கள் பதிவாகியிருக்கின்றன. பாப் டிலன், சூசன் சான்டாக், பெயர் மறந்துபோன எத்தனையோ பேர்.

வார்ஹோலின் மொத்த வேலையிலும் ஒன்றை வைத்துக்கொள் என்றால் இவற்றைத்தான் எடுப்பேன். முதல் அரை நிமிடம் முகம் தன்னை விற்கிறது. எந்தக் கோணம் எடுப்பு என்று அதற்குத் தெரியும். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் போகிறது. கழுத்து இறுகுகிறது, விழுங்குகிறார்கள், கண் கலங்குகிறது. ஆன் புக்கானன் என்ற பெண் இமைக்காமலே உட்கார்ந்திருக்க, கண்ணீர் தானாக வழிந்து இறங்குகிறது. துக்கத்தால் வந்ததில்லை, கண்ணைத் திறந்தே வைத்திருந்ததால் வந்தது. ஆனாலும் பார்க்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது. பிரபலமானவர், ஆகாதவர் என்ற பேதம் ஏறத்தாழ இரண்டாவது நிமிடத்தில் கரைந்துவிடுகிறது. லேபிள் வேலை செய்ய நேரம் குறைவாக இருக்கவேண்டும் போலும். நீட்டினால் அது தாக்குப்பிடிப்பதில்லை.

எதிர்காலத்தில் எல்லோரும் பதினைந்து நிமிடம் உலகப் புகழ் பெறுவார்கள் என்ற வாசகம் அவர் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. 1968இல் ஸ்டாக்ஹோமில் நடந்த கண்காட்சியோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அதை முதலில் சொன்னவர் அவர்தானா என்பதில் சர்ச்சை உண்டு. அவர் பெயரில் அதிகம் உலவும் வாசகமே வேறு யாருடையதாகவோ இருக்கலாம். அதே 1968 ஜூன் 3 அன்று வலேரி சொலானாஸ் என்ற பெண் அவரைச் சுட்டார். செத்துப் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து ராபர்ட் கென்னடி சுடப்பட, வார்ஹோல் செய்தி முதல் பக்கத்தை விட்டு இறங்கியது.

*

கேம்ப்பெல் கம்பெனி வழக்குப் போடவில்லை. 1964இல் அதன் அதிகாரி ஒருவர் பாராட்டிக் கடிதம் எழுதி, தக்காளி சூப் பெட்டிகளை அனுப்பிவைத்தார். பிறகு கம்பெனியே டின் படங்கள் வரிசையாக அச்சிட்ட காகித கவுன் ஒன்றை வெளியிட்டது. ஒரு டாலரும் இரண்டு லேபிளும் அனுப்பினால் கிடைக்கும். அதில் ஓவியரின் பெயர் கிடையாது. யாரிடமிருந்து யார் எடுத்தது என்று அங்கே கணக்குப் பார்க்கவே முடியாது. 2012இல், ஐம்பதாம் ஆண்டையொட்டி, அவர் பாணி வண்ணங்களில் லேபிள் ஒட்டிய நிஜ சூப் டின்கள் கடைக்கு வந்தன.

தனி ஆட்கள் வேறுமாதிரி. பெட்ரீஷியா கால்ஃபீல்ட் என்ற புகைப்படக்காரர் எடுத்த செம்பருத்திப் படத்தை ஒரு பத்திரிகையிலிருந்து எடுத்து 1964இல் ‘பூக்கள்’ வரிசையைச் செய்தார் வார்ஹோல். கால்ஃபீல்ட் வழக்குத் தொடுக்க, சமரசத்தில் முடிந்தது. பெரிய வழக்கு வார்ஹோல் போன பிறகு வந்தது. அவர் இறந்தது 1987 பிப்ரவரியில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு மறுநாள்.

அந்த வழக்கின் தொடக்கம், லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக்காரர் 1981இல் பாடகர் பிரின்ஸை எடுத்த ஒரு படம். 1984இல் ‘வேனிட்டி ஃபேர்’ பத்திரிகை 400 டாலர் கொடுத்து, ஒரே ஒரு முறை ஓவிய மாதிரியாகப் பயன்படுத்த அனுமதி வாங்கியது. அதை வைத்து வார்ஹோல் செய்தது ஒன்றில்லை, பதினாறு. 2016இல் பிரின்ஸ் இறந்தபோது அதே குழுமத்தின் சிறப்பிதழ், அந்தப் பதினாறில் வேறொன்றை அட்டையில் போட வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்பளித்தது. பத்திரிகையில் பிரின்ஸின் முகமாக விற்கும்போது இரண்டு படமும் ஒரே கடைச்சரக்கு என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் நிலை. நீதிபதி எலீனா கேகன் கடுமையாக மறுத்து எழுதினார். முன்னோரிடமிருந்து எடுக்காமல் எந்தக் கலையும் நடக்காது என்பது அவர் கோபம். கேகன் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க என்னால் முடியவில்லை. இருந்தும், வாக்களிக்கச் சொன்னால் கோல்ட்ஸ்மித் பக்கம்தான் கை தூக்குவேன்.

ஹார்விக்கு அந்தக் கதவும் திறந்திருக்காது. கோல்ட்ஸ்மித் தன் படத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்திருந்த தனித் தொழிலாளி. அதனால் நீதிமன்றத்தில் நிற்க அவருக்கு இடம் இருந்தது. சம்பளத்துக்கு வரைந்த பெட்டியின் உரிமை பொதுவாக வரைந்தவருக்குப் போவதில்லை, சம்பளம் கொடுத்தவருக்கும் அவருடைய வாடிக்கையாளருக்கும் போகிறது.